இயற்கை விவசாயத்துக்கு மாறினால் முதல் மூன்று வருட நட்டம் யார் தலையில்?

வண்டல்மண்:
திருவாரூர் பக்கம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், சொந்த நிலம். வரும் சம்பாவிலிருந்து யூரியா, டிஏபி என்று ரசாயன உரம் எதுவும் கிடையாது என்று முடிவெடுத்துவிட்டேன். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறதென்றால் மீதியை அரசு கட்டுகிறது, அந்த மானியம்தான் நம்மை மண் பக்கம் திரும்பவிடாமல் வைத்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஊற்றுகிற ஜீவாமிர்தக் கரைசலுக்கு அப்படி என்ன செலவு? ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண். இதைக்கூடச் செய்யாதவர்களைச் சோம்பேறி என்றுதான் சொல்வேன்.

கணக்குநோட்டு:
சோம்பேறி என்ற வார்த்தையை முதலில் எடுங்கள் தம்பி. நான் மாறிப் பார்த்தவன். இரண்டு ஏக்கரில் ரசாயன உரத்தை அடியோடு நிறுத்தினேன், ஏக்கருக்கு 34 மூட்டை (60 கிலோ) கண்ட வயல் 22-க்கு இறங்கியது. 12 மூட்டை என்றால் 7.2 குவிண்டால். 2025-26-க்கு அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பெருக்கிப் பாருங்கள், 18,000-க்கு மேல் துண்டு விழும். உரச்செலவு மிச்சம்தான், அதைக் களையெடுக்கிற கூலி தின்றுவிட்டது.

அரசு உதவி என்கிறீர்களா? இயற்கை விவசாயத்துக்கென்று மத்திய அரசு நடத்துகிற பரம்பராகத் கிரிஷி விகாஸ் திட்டத்தில் ஹெக்டேருக்கு மூன்று வருடத்துக்கும் சேர்த்து 31,500, அதில் இடுபொருளுக்கென்று நம் கணக்கில் விழுவது 15,000. ஏக்கருக்கு வருடம் 2,000 சொச்சம்! கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஜீவாமிர்தம் குடித்த நெல்லா என்று யாரும் கேட்பதில்லை.

வண்டல்மண்:
அங்கே ஏன் போட வேண்டும்? சீரகச் சம்பாவை அரிசியாக்கி நேரடியாக விற்கலாமே.

கணக்குநோட்டு:
பத்து மூட்டைக்கு விற்கலாம், சொந்தக்காரர்களே வாங்கிவிடுவார்கள். அறுபது மூட்டைக்கு? அந்துப்பூச்சி விழுந்து அரிசி கெடுவதற்கு முன்னால் நீங்கள் ஆள் தேடி முடிக்க வேண்டும்.

குத்தகைக்காரன்:
இரண்டு அண்ணன்களும் சொந்த நிலத்தில் நின்று பேசுகிறீர்கள். நான் உழுவது குத்தகை நிலம். யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கல் என் பெயரில் இல்லை, அதனால் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லாத கூட்டுறவுப் பயிர்க்கடன் எனக்குக் கிடையாது, உரக்கடையில் கடன் வைத்து அறுவடையில் வட்டியோடு கழிக்கிறேன். விவசாயிகளுக்கென்று மத்திய அரசு வருடத்துக்குத் தருகிற பிஎம் கிசான் 6,000 ரூபாய் சென்னையில் இருக்கிற நிலக்காரர் கணக்குக்குப் போகிறது. நான் மூன்று வருடம் சாணத்தைக் கொட்டி மண்ணைத் தேற்றி வைப்பேன், நாலாம் வருடம் அவர் நிலத்தைத் திருப்பிக் கேட்பார். எதை நம்பி மாறச் சொல்கிறீர்கள்?

வண்டல்மண்:
சோம்பேறி என்றது தப்பு, அந்த வார்த்தையை எடுத்துவிடுகிறேன். குத்தகை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் சொந்த நிலம் இருக்கிறவர்கள் நட்டக் கணக்கு பார்த்துக்கொண்டே இருந்தால் யார்தான் தொடங்குவது?

கணக்குநோட்டு:
தொடங்காதீர்கள் என்றா சொன்னேன்? ஒரே நாளில் நிறுத்தாதீர்கள் என்கிறேன். இலங்கையில் 2021-இல் நாடு முழுக்க ரசாயன உரத்தை நிறுத்தினார்கள், அந்த வருடம் நவம்பரிலேயே தடையை வாபஸ் வாங்கியும், அடுத்த அறுவடையில் நெல் விளைச்சல் விழுந்தது. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரப் பயிரை விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுங்கள், அப்புறம் யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயல் காய்ந்த பிறகே மறுபடி, விடுங்கள், அதற்குக் காசே வேண்டாம். ஆனால் மின்சாரம் இலவசம், மோட்டாரை எவன் நிறுத்துகிறான்? என்னையும் சேர்த்துத்தான்.

வண்டல்மண்:
பாதி யூரியா போட்டுவிட்டு இயற்கை என்று சொல்ல எனக்கு வாய் வராது அண்ணா. மூன்று மாவில் மட்டும் முழுசாகச் செய்கிறேன், ஆறு மா உங்கள் வழி.

குத்தகைக்காரன்:
தக்கைப்பூண்டு விதை மானியத்தில் வாங்க அரசின் உழவன் கைபேசிச் செயலியில் பதியச் சொல்கிறார்கள். அதற்கும் நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா கேட்பார்களா?