பூசணி, முலாம்பழம்: பொறி வைத்தும் பிஞ்சு அழுகி உதிர்கிறது

கேள்வி:
வணக்கம். ரசாயனம் இல்லாமல் பூசணியும் முலாம்பழமும் போட்டிருக்கிறேன். இரண்டிலைப் பருவத்தில் சிவப்பு வண்டு இலையைச் சல்லடையாக்கிவிட்டது. வேப்பெண்ணெய் அடித்தும் திரும்ப வந்தது. இப்போது பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வந்ததும் மஞ்சளாகி விழுகிறது, பிளந்தால் வெள்ளைப் புழு. காயில் முட்டையிட்டு இந்தப் புழுவை உண்டாக்கும் பழ ஈக்காக மீத்தைல் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி கட்டியும் ஈ குறையவில்லை. எங்கே தவறு?

பதில் 1:
பொறியில் வைத்த கவர்ச்சிப் பொருளே மாறிவிட்டது. மீத்தைல் யூஜினால் மா, கொய்யாவில் வரும் ஈக்கு. கொடிக்காய்களைத் துளைக்கும் ஈ அதன் பக்கம் வராது, அதற்குக் கியூ லூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள்தான் வேண்டும். பூ எடுக்கும் முன்பே ஏக்கருக்கு 10 பொறி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், நிழலாகக் கட்டுங்கள். கியூ லூரோடு பூச்சிக்கொல்லியிலும் ஊறிய மரக்கட்டையும் விற்கிறார்கள், அதைத் தவிர்த்துவிட்டு, வெறும் கியூ லூர் வைத்து, பொறியின் அடியில் சோப்புத் தண்ணீர் விட்டால் போதும்.

ஆனால் இதிலும் விழுவது ஆண் ஈ மட்டுமே. முட்டையிடும் பெண் ஈ வெளியில்தான் இருக்கும். பிஞ்சைத் திருப்பிப் பாருங்கள்: ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதன் மேல் பிசின் துளி உறைந்திருக்கும். அதுதான் முட்டை வைத்த இடம். அந்தக் காயை அன்றே பறித்துவிட வேண்டும். விட்டால் புழு வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். பறித்ததையும் உதிர்ந்ததையும் எருக்குழியில் போடாதீர்கள், அடுத்த தலைமுறை அங்கேயே வளரும். இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது கனமான பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். இந்த வேலையை விட்டுவிட்டுப் பொறியை மட்டும் நம்பினால் பலன் கிடைக்காது.

பதில் 2:
வண்டைப் பற்றி. வேப்பெண்ணெய் விரட்டும், வளர்ந்த வண்டைக் கொல்லாது. வெயிலிலும் மழையிலும் வீரியம் போய்விடும். அதைவிட வேப்பங்கொட்டைச் சாறு மேல்: அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே அடிக்க வேண்டும். பழைய, பூஞ்சணம் பிடித்த கொட்டை உதவாது. தேனீ அடங்கிய பின், மாலையில்தான் அடிக்க வேண்டும்.

விடியற்காலையில் வண்டு மந்தமாக இருக்கும். அகன்ற பாத்திரத்தில் சோப்புத் தண்ணீரை இலைக்கடியில் பிடித்துத் தட்டினால் கொத்தாக விழும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அடுத்த முறை விதைத்ததும் வலை போட்டு மூடலாமா?

பதில் 2:
தாராளமாக. ஓரங்களை மண்ணால் அணைத்துவிடுங்கள். ஆனால் போன பயிரும் கொடி வகையாக இருந்த பாத்தி வேண்டாம். வண்டின் புழு மண்ணில் வேரைத் தின்று வளரும், வலைக்குள்ளிருந்தே வண்டு கிளம்பும். பெண் பூ, அதாவது அடியில் குட்டிக் காயோடு வரும் பூ, தெரிந்ததும் வலையை எடுத்துவிடுங்கள். தேனீ வராவிட்டால் பிஞ்சு புழு இல்லாமலேயே சூம்பி மஞ்சளாகும், அதை ஈ என்று நினைத்துவிடக் கூடாது.

பதில் 3:
வலை எடுத்த பிறகு பிஞ்சுக்குக் காகிதப் பை. பூ வாடி, காய் பருக்கத் தொடங்கியதும் மாட்டி, காம்போடு கட்டுங்கள். முலாம்பழத்துக்குக் கட்டாயம் செய்யுங்கள், பிஞ்சின் தோல் மெல்லியது.