போலீஸ் கிரவுன் விக்டோரியா 45 மைல் வேகத்தில் உதறுகிறது, கியர்பாக்ஸ் போய்விட்டதா?

ஏலத்தில்_எடுத்தவன் (ஒஹாயோ):
2008 ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர். ஏலத்தில் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. ஓடியது 1,12,000 மைல், எஞ்சின் மணிக்கணக்கு (எஞ்சின் ஓடிய மொத்த நேரம்) 7,800. எஞ்சின் பளபளவென்று இருந்ததில் மயங்கிவிட்டேன். இப்போது 45 மைல் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் வண்டி கிடுகிடுவென்று உதறுகிறது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்கிறார்கள். வண்டி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?

டாக்சி_அண்ணன்:
தம்பி, மைலை நம்பாதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள். சராசரி 30 மைல் வேகம் என்று வைத்தால் ஓடியதற்கு 3,700 மணி நேரம் போதும். மீதி 4,000 மணி நேரமும் ரோட்டோரம் நின்று உறுமியதுதான். இப்படி நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடும் ஐடிலிங் ஒரு மணி நேரத்தை 33 மைலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஃபோர்டின் கணக்கு. அப்படியானால் உங்கள் எஞ்சினுக்கு வயது சுமார் 2.4 லட்சம் மைல். பயப்படவும் வேண்டாம். அந்த 4.6 லிட்டர் வி8 அவசரப்படாத எஞ்சின், ஆயில் கூலரும் உண்டு. 3 லட்சம் தாண்டிய டாக்சிகள் சாதாரணம்.

கிரீஸ்_கை:
கியர்பாக்ஸில் கை வைப்பதற்கு முன் இரண்டு சந்தேகம். ஒன்று, எஞ்சின் சக்தியைத் திரவம் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகும்போது வரும் உதறல். இந்த வகைக்கு அது பழைய வியாதி, பழைய திரவத்தை முழுதாக மாற்றி மெர்க்கான் வி என்ற கியர்பாக்ஸ் திரவத்தை ஊற்றினாலே பெரும்பாலும் போய்விடும். இரண்டாவது, மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது. ஓட்டும்போது உணர்வு இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால்தான் பலர் கியர்பாக்ஸுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேனரில் சிலிண்டர்வாரி மிஸ்ஃபயர் எண்ணிக்கை தெரியும். அப்புறம் ஒரு கேள்வி: ஏலத்துக்கு முன் எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்களா?

ஏலத்தில்_எடுத்தவன்:
கழுவியிருப்பார்கள், இல்லாவிட்டால் இந்த வயசில் இத்தனை பளபளப்பு எப்படி வரும்! ஸ்கேனர் கடன் வாங்கிப் பார்த்தேன். 4ஆம் சிலிண்டரில் மட்டும் எண்ணிக்கை ஏறுகிறது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றினால் பிளக் குழிக்குள் தண்ணீர், ரப்பர் உறையில் வெள்ளைக் கோடு.

கிரீஸ்_கை:
அதேதான், தண்ணீர் இறங்கியதால் வந்த மிஸ்ஃபயர். காற்றடித்துக் காயவைத்து, பிளக்கையும் அந்தக் காயிலையும் மாற்றுங்கள். எஞ்சின் ஆறியபின்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும், தலைப்பகுதி அலுமினியம், மரை கெட்டால் செலவு எகிறும். தண்ணீர் மஞ்சளாக, வழவழப்பாக இருந்தால் அது கழுவிய தண்ணீர் இல்லை, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவு. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

டாக்சி_அண்ணன்:
அதோடு டேஷ்போர்டுக்குக் கீழே பாருங்கள். ரேடியோ, சைரன் கழற்றும்போது வயர்களை வெட்டி அப்படியே விட்டிருப்பார்கள். கூரையில் ஆன்டெனா ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். ஒஹாயோவில் பனிக்கு ரோட்டில் உப்புக் கொட்டுவார்களே, பின்சக்கரத்துப் பக்கம் சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இந்த வண்டியை எஞ்சின் கொல்வதைவிடத் துருதான் அதிகம் கொல்கிறது.

ஏலத்தில்_எடுத்தவன்:
தண்ணீர் நிறமில்லாமல்தான் இருந்தது அண்ணா. காயிலும் பிளக்கும் மாற்றி நாற்பது மைல் ஓட்டிவிட்டேன், உதறல் இல்லை. சேஸி தட்டினால் கணீரென்கிறது. ஆனால் டேஷ்போர்டுக்கடியில் எங்கே போகிறதென்றே தெரியாத பதினோரு வயர் தொங்குகிறது. இன்று இரவு படம் போடுகிறேன்.