பாறை உருளைக்கிழங்காகவும் மரம் பச்சை மணலாகவும் தெரிகிறது, எங்கே தவறுகிறேன்?

மூன்றாம்கட்டம் (கேள்வி)

நான்கு மாதங்களாகப் பிக்சல் ஓவியம் (கணினியில் சின்னச் சதுரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்து வரைவது) பழகி வருகிறேன். வாள், பெட்டி, கதவு போன்றவை ஓரளவு கைக்கு வந்துவிட்டன. இயற்கைப் பொருள் என்றால் மட்டும் தோற்றுப்போகிறேன்.

32×32 பிக்சல் அளவில் ஒரு பாறை வரைந்தேன். ஓரத்தில் கரும் சாம்பல், உள்ளே போகப் போக வெளுப்பு, நடுவில் ஏறக்குறைய வெள்ளை. மேலே நான்கு விரிசல்களும் போட்டாயிற்று. பார்த்தவர்கள் எல்லோரும் உருளைக்கிழங்கு என்கிறார்கள்.

48×64 அளவில் ஒரு மரம். இலைகளை ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன், மூன்று மணி நேரம் ஆனது. பெரிதாக்கிப் பார்த்தால் அழகாக இருக்கிறது. இயல்பான அளவுக்கு வந்தால் பச்சை மணலைக் கொட்டியது போலிருக்கிறது. பச்சையில் மட்டும் 19 நிறங்கள் பயன்படுத்தியிருக்கிறேன். இன்னும் கூட்ட வேண்டுமா?

சாய்வெயில்

கூட்ட வேண்டாம், பாதிக்கு மேல் தூக்கி எறியுங்கள். மரத்தை வேறு யாராவது பார்க்கட்டும், நான் பாறைக்கு வருகிறேன்.

ஓரம் இருட்டு, நடு வெளிச்சம் என்று தீட்டுவதைத் தலையணை நிழல் என்பார்கள். எதை அப்படித் தீட்டினாலும் உப்பிய தலையணையாகிவிடும். சூரியன் எந்தப் பக்கம் என்று கேட்டால் உங்கள் பாறையிடம் பதில் இல்லை.

வெளிச்சத்தை இடது மேல்மூலையில் வையுங்கள். பாறையை உருண்டை என்று எண்ணாமல், கோடரியால் தாறுமாறாகச் செதுக்கிய கட்டை என்று எண்ணுங்கள். மேல்முகம் வெளிர், முன்முகம் நடுத்தரம், வலப்பக்க முகம் கருமை. மூன்றையும் குழைக்காமல் தட்டையாக நிரப்புங்கள். முகங்கள் சந்திக்கும் விளிம்பு ஓரிரு இடங்களில் முறிந்து திரும்பட்டும். கல்லின் கடினம் அந்த முறிவில்தான் இருக்கிறது. இந்த நிலையிலேயே பாறை தெரியவில்லை என்றால் மேற்கொண்டு எதைச் சேர்த்தாலும் தெரியாது.

தெரிந்த பிறகு நான்காவது நிறம்: வெயில் படும் விளிம்பில் மட்டும், அதுவும் விட்டுவிட்டு. விரிசல் ஒன்று போதும். விரிசலின் கருங்கோட்டை ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிர்ப்புற உதட்டில் ஓரிரு வெளிர் பிக்சல் வையுங்கள், ஆழம் வந்துவிடும். அடியில் சில புல் பிக்சல்கள் பாறையின் மேல் ஏறி நிற்கட்டும். இல்லாவிட்டால் மிதக்கும்.

நாலுநிறம்

மரத்துக்கு நான்.

அக்கம்பக்கத்தில் தன் நிறத்துணை இல்லாமல் தனியாக நிற்கும் பிக்சலைக் கண் இலையாக எடுத்துக்கொள்வதில்லை, இரைச்சலாகவே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் மூன்று மணி நேரம் உழைத்து இரைச்சலைத் தயாரித்திருக்கிறீர்கள். (கோபிக்க வேண்டாம், என் முதல் காடு முழுவதும் அப்படித்தான் இருந்தது.)

முதலில் மரம் முழுவதையும் ஒரே கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். நிழலுருவை வைத்தே மரம் என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் ஓரத்தைக் கடித்துக் குதறுங்கள். உள்ளே ஓரிரு ஓட்டைகள் விட்டு, அவற்றின் வழியே கிளை தெரியச் செய்யுங்கள். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீடியோ கேமில் மேகமும் புதரும் ஒரே வடிவம்தான், வெள்ளையைப் பச்சையாக மாற்றினார்கள், அவ்வளவே. அந்த வடிவத்தில் ஓர் இலைகூடக் கிடையாது. ஆனாலும் புதர் என்று எல்லோரும் நம்பினோம்.

அடுத்து, தழையை நான்கைந்து குவியல்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குவியலும் தனிப் பந்து. அதன் இடது மேற்புறம் வெளிச்சம், வலது கீழ்ப்புறம் இருட்டு. இலை வடிவத்தை இரண்டே இடங்களில் காட்டுங்கள்: வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் எல்லையிலும், மரத்தின் வெளி ஓரத்திலும். மூன்று முதல் ஐந்து பிக்சல் வரையிலான கொத்துகளாக வையுங்கள். நடுப்பகுதி வெறுமையாகவே இருக்கட்டும், மிச்சத்தைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும்.

நிறம் ஐந்து போதும். ஒரே பச்சையில் கறுப்பைக் கூட்டியும் குறைத்தும் எடுக்காதீர்கள், சேறாகிவிடும். நிறச்சக்கரத்தில் (நிறங்களை வட்டமாக அடுக்கிய படம்) நடுப் பச்சை 120 பாகை என்றால், இருட்டுப் பச்சையை நீலத்தின் பக்கம் 160 வரை நகர்த்துங்கள், வெளிச்சத்தை மஞ்சளின் பக்கம் 80 வரை. அடிமரத்தில் தழைக்கு நேர்கீழே இருக்கும் பகுதி இருட்டாக இருக்க வேண்டும், பலர் மறப்பது இது.

புள்ளிராசா

இரு நிறங்களுக்கு இடையே சதுரங்கப் பலகை போல மாறி மாறிப் புள்ளி வைத்தால் சொரசொரப்பு வருமே?

சாய்வெயில்

பெரிய வானத்துக்கு அழகு. 32×32 பாறையில் செய்தால் மறுபடி மணல்தான்.

மூன்றாம்கட்டம்

பாறை பிழைத்துவிட்டது! மூன்று தட்டை நிறங்கள் போட்டவுடனேயே கல்லாகிவிட்டது, நம்ப முடியவில்லை. மரமும் இப்போது மரம்தான். ஆனால் ஓரங்கள் மட்டும் மங்கலாக இருக்கின்றன. ஐந்து நிறங்கள்தான் எடுத்தேன், மென்பொருளோ 31 என்று கணக்குக் காட்டுகிறது.

நாலுநிறம்

தூரிகைக் கருவியால் வரைகிறீர்களா? அது ஓரத்தை மென்மையாக்குவதற்காக இடைநிறங்களைத் தானே நுழைத்துவிடும். பென்சில் கருவிக்கு மாறி, அளவை ஒரு பிக்சலாக வைத்து, விளிம்பு மென்மையாக்கலை அணைத்துவிடுங்கள். படத்தைப் பெரிதாக்கிச் சேமிக்கும்போதும் 2, 3, 4 என்று முழு மடங்கில் மட்டும். ஒன்றரை மடங்கு என்றால் பிக்சல்கள் சிதையும். பெரிதாக்கும் முறையில் ‘அண்மைப் பிக்சல்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம்கட்டம்

தூரிகையேதான். ஓரம் முழுவதையும் பென்சிலால் மறுபடி வரைந்தேன், 31 இப்போது 5. அடுத்து இதே மரத்தைக் காற்றில் அசைய வைக்கப் பார்க்கிறேன்.

சாய்வெயில்

குவியல்களைத் தனித்தனி லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித்தாள் போன்ற அடுக்கு, தனியே நகர்த்தலாம்) வைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

மூன்றாம்கட்டம்

எல்லாம் ஒரே லேயர்.