இலவச சோதனை மாத்திரை: கார்டிலிருந்து எடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மூட்டு வலிக்கான ஊட்டச்சத்து மாத்திரை ஒன்றை, "14 நாள் இலவசம், அனுப்பும் செலவை மட்டும் செலுத்துங்கள்" என்ற விளம்பரத்தை நம்பி, இம்மாதம் 3ஆம் தேதி கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்து வரவழைத்தேன். பார்சல் 12ஆம் தேதிதான் கைக்கு வந்தது. நான்கைந்து மாத்திரைகள்கூடச் சாப்பிடாத நிலையில், 17ஆம் தேதி ஒரு முழு டப்பாவின் விலை எடுக்கப்பட்டது. மறுநாள், நான் கேட்கவே கேட்காத வேறொரு பொருளுக்கும் பணம் போய்விட்டது. வங்கி அறிக்கையில் இருக்கும் பெயர் விளம்பரத்தில் பார்த்த பெயரே அல்ல. கார்டை முடக்கிவிட்டுப் புதிய கார்டு வாங்கினால் போதுமா, வேறு ஏதேனும் செய்ய வேண்டுமா?

பதில் 1

தங்கள் பதிவில் உள்ள தேதிகளிலேயே சூட்சுமம் இருக்கிறது. 14 நாள் என்பதைப் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து நாம் எண்ணுகிறோம்; அவர்களோ ஆர்டர் செய்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஒன்பது நாள் வழியிலேயே கழிந்துவிட்டதால், தங்களுக்கு மிஞ்சியது ஐந்தே நாள். இரண்டாவது பொருள், பெரும்பாலும், பணம் செலுத்தும் பக்கத்தில் முன்கூட்டியே டிக் செய்து வைத்திருந்த ஒரு கட்டத்தின் வழியாகவோ, "தொடர்க" என்ற பொத்தானுக்குக் கீழே சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியின் வழியாகவோ சேர்ந்திருக்கும்.

இத்தகைய சோதனை, காலம் முடிந்ததும் மாதச் சந்தாவாக மாறிவிடும். எனவே முதலில், அந்தச் சந்தாவை ரத்து செய்வதாக மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் மட்டும் சொன்னால் நாளை அதற்குச் சாட்சி இருக்காது. அடுத்து, விளம்பரம், ஆர்டர் உறுதிப்படுத்திய மின்னஞ்சல், பார்சல் வந்த தேதி ஆகியவற்றின் படங்களுடன் வங்கியை அணுகி, அந்த இரு தொகைகளையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுத்து மூலம் தெரிவித்து, சார்ஜ்பேக் (வணிகர் எடுத்த பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை) கோருங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

வாதத்துக்கு வலுச் சேர்க்க ஒரு செய்தி: உடல்நலப் பொருள்கள், சருமப் பூச்சுகள் போன்றவற்றை இலவச சோதனைக்கு விற்பவர்கள், சோதனைக் காலம் முடிந்து பணம் எடுப்பதற்கு முன் வாடிக்கையாளரின் ஒப்புதலை மீண்டும் பெற வேண்டும் என்று மாஸ்டர்கார்டு 2019இல் விதி வகுத்தது. எடுக்கப்போகும் தொகை, தேதி, ரத்து செய்யும் வழி ஆகியவற்றை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்பியிருக்க வேண்டும். விசாவும் 2020இல் இதே போக்கில், முன்கூட்டியே நினைவூட்ட வேண்டும் என்று விதித்தது. அப்படி ஒரு செய்தி தங்களுக்கு வந்ததா என்று ஸ்பாம் பெட்டியையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் வங்கிக்கு எழுதும் கடிதத்தில் அதையே முதல் வரியாக வையுங்கள்.

பதில் 2

புதிய கார்டு மட்டும் போதாது. தொடர்ந்து பணம் எடுக்கும் வணிகர்களுக்குப் புதிய கார்டு எண்ணைத் தானாகவே தெரிவிக்கும் வசதி கார்டு நிறுவனங்களிடம் இருக்கிறது. மாதச் சந்தாக்கள் தடைபடாமல் இருப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட அந்த வசதி, இத்தகையவர்களுக்கும் பயன்பட்டுவிடக் கூடும். எனவே, இந்த வணிகரின் கோரிக்கைகளை நிறுத்தும்படி வங்கியிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பதில் 3

பணத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன். அந்த டப்பாவில் "எஃப்டிஏ அங்கீகாரம்" என்ற முத்திரை இருக்கிறதா? எஃப்டிஏ என்பது அமெரிக்க அரசின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பு. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊட்டச்சத்துப் பொருள்கள் விற்பனைக்கு வருவதற்கு முன் எஃப்டிஏவின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. அந்த அமைப்பு அவற்றுக்கு ஒப்புதல் அளிப்பதும் இல்லை. ஆகவே, அந்த முத்திரை இருந்தால் அதுவே பொய்க்குச் சான்று. மூட்டு வலிக்கு வேறு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், மீதி மாத்திரைகளைத் தொடாமல், டப்பாவை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். வங்கி விவகாரம் முடியும்வரை அதைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அந்த விளம்பரப் பக்கத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். "சலுகை முடிய இன்னும் 9 நிமிடம்" என்று ஓடிக்கொண்டிருந்த கடிகாரம், பக்கத்தைப் புதுப்பித்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. அன்று இதற்குத்தான் அவசரப்பட்டேன் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. நினைவூட்டல் செய்தி எதுவும் வரவில்லை. ரத்து செய்யும்படி எழுதியதற்கு, "பாதித் தொகையைத் திருப்பித் தருகிறோம், வங்கிக்குப் போக வேண்டாம்" என்று பதில் வந்திருக்கிறது. ஏற்கலாமா?

பதில் 1

இப்போது ஏற்க வேண்டாம். பாதியைப் பெற்றுக்கொண்டு பேசாமல் இருந்தால், விவகாரம் இரு தரப்பின் சம்மதத்தோடு தீர்ந்துவிட்டது என்று அவர்கள் வங்கியிடம் காட்ட முடியும். முழுத் தொகையும் வேண்டும் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு, அவர்களுடைய அந்த மின்னஞ்சலையும் சார்ஜ்பேக் மனுவோடு இணைத்து இன்றே அனுப்பிவிடுங்கள். அடுத்த மாதத் தொகையை அதே 17ஆம் தேதியை ஒட்டி எடுக்க முயல்வார்கள். அதற்குள் வங்கியில் தடை பதிவாகிவிட்டதா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.