'ளா' என்று முடியும் மான் எது?

காரைக்குடி பெயிண்டர்:
35 வருடமாக போர்டு எழுதுகிறவன் கேட்கிறேன், சிரிக்காதீர்கள். பேத்தியோடு வெளியூரில் ஒரு மிருகக்காட்சிசாலைக்குப் போயிருந்தோம். மான்கள் இருக்கும் வரிசையில் ஒரு பழைய தகரப் போர்டு. பெயரைச் சிவப்பில் எழுதி, கறுப்பில் நிழல் கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு வெயிலில் போய்விட்டது, நிழல்தான் நிற்கிறது. முதல் எழுத்தில் இகரக் கொக்கி, அப்புறம் 'ளா'. படம் உரிந்துவிட்டது. கீழே 'ஒவ்வோர் ஆண்டும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும்' என்று ஒரு துண்டு.

நான் 'விளா' என்று படித்தேன். "விளா மரத்துக்கு எதுக்குக் கம்பி வேலி?" என்றாள் வீட்டுக்காரி. "ஐயா, போர்டு எழுதுற ஒங்களுக்கே தெரியலையா?" என்று பேத்தி கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. உச்சிவெயில். வேலிக்குள் சேற்றுக் குட்டையைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:
வெளிமானாக இருக்கும்.

குற்றாலத்துக்காரன்:
வெளிமானுக்கு 'ளா' எங்கே வருது? தவிர, அதன் கொம்பு உதிராது. ஆயுசுக்கும் ஒரே முறுக்குக் கொம்புதான். அண்ணாச்சி, அது மிளா. உங்கள் பக்கம் கடமான் என்பீர்கள். இந்திய மான்களிலேயே பெரியது. புள்ளி இருக்காது, கரும்பழுப்பு. கிடாவுக்கு மட்டும்தான் கொம்பு, பக்கத்துக்கு மூன்று கிளை. வருடா வருடம் விழுந்து, வெல்வெட் போல் தோல் போர்த்திக்கொண்டு புதிதாக வளரும். பகலில் நிழலில் படுத்துக்கிடக்கும், சேறு என்றால் உயிர். நீங்கள் பார்த்த குட்டை அதற்குத்தான்.

கானாடுகாத்தான் மருமகள்:
எங்கள் முகப்புச் சுவரில் ஒரு ஜோடி மூன்று கிளைக் கொம்பு இருக்கிறது. தானாக விழுந்தது என்று அப்பத்தா சொல்வார்கள். நம்பலாமா?

குற்றாலத்துக்காரன்:
அடியைப் பாருங்கள் ஆச்சி. தானாக விழுந்த கொம்பின் அடி, குமிழ் போல மூடியிருக்கும். இரண்டும் ஒரே மண்டையோட்டு எலும்பில் ஒட்டியிருந்தால் தானாக விழுந்தது இல்லை, செத்த மானின் தலையிலிருந்து எடுத்ததுதான். எப்படியானாலும் விற்கக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

கானாடுகாத்தான் மருமகள்:
மண்டை எலும்போடுதான் இருக்கிறது. அப்பத்தாவிடம் சொல்லப் போவதில்லை.

காரைக்குடி பெயிண்டர்:
மிளா! நன்றி அண்ணாச்சி. 'மி'யைத்தான் 'வி' என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர் மேல் கோபம் இல்லை, கடைக்காரர்கள் எல்லோரும் பெயரைச் சிவப்பில்தான் கேட்பார்கள். ஆனால் மலிவான சிவப்பும் மஞ்சளும் வெயிலுக்கு முதலில் போகும். கறுப்பு கரியில் செய்வது, அதனால் நிற்கும். நானாக இருந்தால் பெயரைக் கறுப்பில் போட்டு, சிவப்பைச் சுற்றுக் கோட்டுக்கு வைத்திருப்பேன். ராத்திரி ஒரு அட்டையில் அப்படியே 'மிளா' என்று எழுதிப் பேத்தியிடம் கொடுத்தேன். கொம்பு எங்கே என்கிறாள். பக்கத்துக்கு மூன்று கிளை, சரிதானே?