"ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா?" – அந்த இரவு நான் சொன்ன பதில்

நடைப்பயணி:

எனக்கு 54 வயது. விறைப்புக் குறைபாடு தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ரத்த அழுத்தத்துக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பவன் நான். இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போவேன். "வேறு தொந்தரவு உண்டா?" என்று அவர் கேட்டதும், "ஒன்றுமில்லை" என்று எழுந்துவிடுவேன். கடைசியில் இணையத்தில் ஒரு மூலிகை மாத்திரைப் புட்டி வாங்கினேன். "முழுக்க இயற்கை, பக்கவிளைவு இல்லை" என்று அட்டையில் இருந்தது. இது மருந்தா என்ன, ஊட்டச்சத்துதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் மாத்திரையே ஒரு மணி நேரத்தில் வேலை செய்தது. முகம் சூடாகிச் சிவந்தது, மூக்கடைத்தது, தலை கனத்தது. வேரும் விதையும் இவ்வளவு வேகமாக வேலை செய்யுமா என்று அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மகிழ்ச்சியில் எதையும் யோசிக்கவில்லை.

நான்காவது முறை சாப்பிட்ட அன்று நள்ளிரவில் நெஞ்சில் பாரம் ஏறியது. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைக் கையில் எடுத்தபடியே, "இரண்டு நாட்களுக்குள் ஆண்மைக்காக ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா ஐயா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. என் மனக்கணக்கில் அது மருந்தே இல்லை. என் மனைவிதான், "அலமாரியில் ஒரு புட்டி இருக்கிறதே, அது என்ன?" என்றாள். அவளுக்கு அது தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மருத்துவர் கையிலிருந்த மாத்திரையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார்.

பிறகு விளக்கினார். இத்தகைய புட்டிகளில், விறைப்புக் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் சில்டெனாஃபிலையோ டாடலாஃபிலையோ சொல்லாமல் கலந்துவிடுவது உண்டாம். அவையும் நைட்ரேட்டும் ஒரே வழியில் ரத்தக்குழாயை விரிப்பவை. சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் தரக்கூடாது. "உங்கள் புட்டியில் எது, எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? 48 என்றே வைத்துக்கொள்கிறேன்" என்று வேறு சிகிச்சை தொடங்கினார்.

மறுநாள் இதய ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு தெரிந்தது. ஆண்குறிக்குப் போகும் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான்; இதயத் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். அதனால் கொழுப்பு படியும்போது சிறிய குழாய் முதலில் தடுமாறுவது உண்டு என்றார்கள். இரண்டு ஆண்டுகளாக என் உடம்பு சொல்லிக்கொண்டிருந்ததை நான் புட்டிக்குள் மூடி வைக்கப் பார்த்திருக்கிறேன். இதை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

பழையசைக்கிள்:

ஐயா, நல்லவேளை அம்மா உடன் இருந்தார்கள். எனக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை. ஆண்மைக்கு என்று விற்கும் அர்ஜினைன் என்ற ஊட்டச்சத்தை மூன்று மாதம் சாப்பிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. யோஹிம்பின் என்ற மரப்பட்டைச் சத்தைச் சாப்பிட்ட அன்று நெஞ்சு படபடத்து இரவெல்லாம் விழித்திருந்தேன். பிறகுதான் மருத்துவரிடம் போய் 50 மில்லிகிராம் சில்டெனாஃபில் எழுதி வாங்கினேன். அதுவும் முதல் இரண்டு முறை பலிக்கவில்லை. கொழுப்பான சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டிருக்கிறேன். மருந்து ரத்தத்தில் சேரவே தாமதமாகும் என்றார் மருத்துவர். ஆசை எழாமல் மாத்திரை மட்டும் எதையும் செய்யாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு முறையோடு விட்டுவிடுபவர்கள் தயவுசெய்து திரும்பப் போய்க் கேளுங்கள்.

மருந்துக்கடைக்காரன்:

கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, "இயற்கையானது இருக்கிறதா?" என்று கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை கலப்பட மருந்து இருப்பதாகக் கண்டறிந்த துணைச்சத்துப் பொருட்கள் 776. அவற்றில் 353 ஆண்மை ஊக்கம் என்று விற்கப்பட்டவை. சீட்டுக்குக் கொடுக்கும் மாத்திரையில் 25, 50, 100 என்று அளவு அச்சிட்டிருக்கும். உங்கள் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று நான் பார்க்க முடியும். பெயரே தெரியாத கலவையை வைத்துக்கொண்டு நான் எதைப் பார்ப்பது? புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவர்கள் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும்.

மழைக்காலம்:

நடைப்பயணி அண்ணா, இப்போது என்ன சிகிச்சை எடுக்கிறீர்கள்? என் கணவருக்காகக் கேட்கிறேன். அவரும் நைட்ரேட் சாப்பிடுகிறார்.

நடைப்பயணி:

தங்கையே, நைட்ரேட் இருக்கும்வரை இந்த வகை மாத்திரைகள் எதுவும் கூடாது. அதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு, காற்றை உறிஞ்சி ஆண்குறிக்கு ரத்தத்தை இழுக்கும் வெற்றிடக் கருவியைப் பரிந்துரைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவதால் தோல் கன்றிப்போகலாம் என்று பழக்கிக் காட்டினார்கள். முதல் வாரம் இருவருக்குமே கூச்சமாக இருந்தது. இப்போது பரவாயில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க மனைவியும் வருகிறாள். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் கணவரோடு நீங்களும் போங்கள்.