புதுப்பிப்பு: ஓவன் கதவுப் பூட்டு மோட்டாரின் பிழைக்குக் காரணம் தெரிந்துவிட்டது

தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதியுள்ள எங்கள் மின் ஓவனில், கதவைப் பூட்டும் மோட்டார் நிற்காமல் சுழன்று, பிறகு திரையில் பிழைக் குறியீடு வருவதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். வெப்ப உணரியைச் சோதிக்கும்படி சிலர் கூறினீர்கள். மெயினை அணைத்துவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தபோது அது ஏறத்தாழ 1,100 ஓம் காட்டியது. அறை வெப்பத்தில் அந்த வகை உணரிக்கு அது சரியான அளவே.

எனவே பூட்டு மோட்டாரைக் கழற்றினேன். அதன் அச்சிலுள்ள கேம் (ஒரு பக்கம் மேடான சிறு சக்கரம்) சுழன்று சிறிய மைக்ரோ ஸ்விட்சை அழுத்தினால்தான், கதவு பூட்டப்பட்டுவிட்டது என்று கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தெரியும். அந்தச் செய்தி வராதவரை அது மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருந்து, இறுதியில் பிழையென்று அறிவித்துவிடுகிறது. கேமை விரலால் திருப்பியபோது ‘டிக்’ என்ற ஓசை தெளிவாகக் கேட்டது, ஆனால் மீட்டரில் இணைப்புக் கிடைக்கவில்லை. (ஓசையை நம்பித்தான் முதலில் ஏமாந்தேன்.) ஸ்விட்சின் முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது, சுத்தம் செய்யும்போது ஓவனுக்குள் வெப்பம் 450 டிகிரி செல்சியசைத் தாண்டுவதால் அதில் வியப்பில்லை.

பலகையையே மாற்றச் சொன்ன மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஸ்விட்சை மட்டும் மாற்றினேன். நேற்றிலிருந்து நான்கு முறை பூட்டித் திறந்தாயிற்று, குறியீடு வரவில்லை.